ஜெர்சியில் என் பெயர்

கடந்த மே மாதம் எங்கள் வட்டாரத்தில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் காற்பந்துப் பயிற்சி கொடுக்கும் ஒரு மன்றத்துக்கு இருபது ஜெர்சி எடுத்துக் கொடுத்தேன். பெரிய தொகை இல்லை. குடும்பத்தோடு லங்காவி போய் வந்தால் ஆகிற செலவில் பாதிகூட வராது. ஆனால் அன்றைக்குக் கிடைத்த மரியாதை இருக்கிறதே! பொன்னாடை, மாலை, மேடையில் நடு நாற்காலி, மறுநாள் புலனக் குழுக்களில் எல்லாம் என் படம். ஜெர்சியின் நெஞ்சுப் பகுதியில் என் பெயரே அச்சாகியிருந்தது, முன்னால் ‘டாக்டர்’ என்ற பட்டத்தோடு. போடச் சொல்லி நான் கேட்கவில்லை. பார்த்த பிறகு வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

கூட்டம் கலையும்போது ஓர் அம்மா என்னிடம் வந்து, “எங்க பொண்ணும் இங்கதான் விளையாடுறா டாக்டர். பொம்பளப் புள்ளைங்களுக்கு ஜெர்சி இல்லையா?” என்று கேட்டார். நான் பயிற்சியாளரைப் பார்த்தேன். அவர் தலையைச் சொறிந்தார். பெண் பிள்ளைகளும் அந்த மன்றத்தில் ஆடுகிறார்கள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். “அடுத்த தடவை பார்ப்போம்மா” என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிவிட்டேன்.

அதே வாரம் எங்கள் கணக்காளர் வீட்டுக்கு வந்தார். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன், அவ்வளவு நாள் பழக்கம். தனியார் மருத்துவமனையில் மகப்பேற்று மருத்துவராகச் சேர்ந்து சில ஆண்டுகள் ஆகின்றன. ஜூன் 30-க்குள் வருமான வரிப் பாரத்தை அனுப்ப வேண்டும். அண்ணன் தேநீரைக் குடித்துக்கொண்டே சொன்னார்: “டாக்டர், ஒரு செண்டிரியான் பெர்ஹாட் பதிஞ்சிருவோம். ஆஸ்பத்திரியிலேர்ந்து வர்ற கட்டணம் அந்த நிறுவனத்துக்குப் போவட்டும். வீட்டுக்காரரையும் இயக்குநரா போட்டுக்கலாம்.”

கணக்கு எளிதானது. தனிநபராகக் கட்டினால் 400,000 வெள்ளிக்கு மேற்பட்ட வருமானத்துக்கு 26 விழுக்காடு. சிறு நிறுவனம் என்றால் முதல் 150,000 வெள்ளிக்கு 15 விழுக்காடு, அதற்கு மேல் 600,000 வரை 17. அறுவை செய்வது அதே கை, நோயாளியைப் பார்ப்பது அதே அறை. பணம் போய்ச் சேரும் பெயர் மட்டும் வேறு. மருத்துவர்கள் இப்படிச் செய்வதை வருமான வரி வாரியம் சந்தேகத்தோடுதான் பார்க்கிறது என்பதையும் அண்ணனே சொன்னார். “ஆனா அதுக்கும் ஒரு முறை இருக்கு. சரியா செஞ்சா சட்டத்துக்கு உட்பட்டதுதான்” என்றார். மிச்சமாகும் தொகையைத் தாளில் எழுதிக் காட்டினார். ஒரு மைவி காரின் விலைக்குச் சற்றுக் குறைவு. கிளம்பும்போது, “காற்பந்துக்குக் கொடுத்தீங்களே, அடுத்த தடவை அங்கீகாரம் உள்ள அமைப்பு வழியா கொடுங்க. ரசீது இருந்தா அதுக்கும் கழிவு கிடைக்கும்” என்றார்.

அந்தத் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது எனக்கு டப்ளின் நினைவுக்கு வந்தது. வரி, நன்கொடை, காற்பந்து மூன்றையும் ஒரே கதையில் முதன்முதலாக நான் கேட்டது அங்கேதான்.

பினாங்கில் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தால் முதல் இரண்டரை ஆண்டு அயர்லாந்தில் படிக்க வேண்டும். 2007-இல் போனேன். அரசாங்க உபகாரச் சம்பளம். ராத்மைன்ஸ் பகுதியில் நாலு மலேசியப் பெண்கள் சேர்ந்து ஒரு பழைய வீட்டில் இருந்தோம். பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவரும் அவர் மனைவியும். பெரியவருக்கு எழுபதைத் தாண்டிவிட்டது, காற்பந்து என்றால் உயிர். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். கிள்ளான் துறைமுகத்தில் வேலை பார்த்த அப்பா, அந்த ஊரில் பிறந்த கோல்காவலர் ஆறுமுகத்தை ‘ஸ்பைடர்மேன்’ என்று சொல்லிச் சொல்லியே எங்களை வளர்த்தவர். அதனால் பெரியவருக்கும் எனக்கும் பேச்சுக்குப் பஞ்சமில்லை.

2008 பிப்ரவரியில் அயர்லாந்து தேசியக் குழுவுக்குப் புதிய பயிற்றுநர் வந்தார். ஜியோவானி திரப்பட்டோனி. இத்தாலி, ஜெர்மனி, போர்ச்சுகல், ஆஸ்திரியா என்று நான்கு நாட்டு லீக் பட்டங்களை வென்றவர். அவ்வளவு பெரிய ஆளை அயர்லாந்து எப்படிப் பிடித்தது? சம்பளம் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 மில்லியன் யூரோ என்றும், அதில் பாதியைத் தொழிலதிபர் டெனிஸ் ஓப்ரையன் தன் கையிலிருந்து தருகிறார் என்றும் பத்திரிகைகள் எழுதின. 2013-இல் மார்ட்டின் ஓநீலும் அவருக்குத் துணையாக ராய் கீனும் பொறுப்பேற்றபோதும் அவர் பணம் தொடர்ந்தது.

தொலைபேசியில் அப்பாவிடம் சொன்னேன். “நம்ம நாட்டுல அப்படி ஒருத்தன் இருந்தா எப்படி இருக்கும்!” என்று பெருமூச்சு விட்டார். நானும் அப்படித்தான் நினைத்தேன். மறுநாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற பெரியவரிடம் உங்கள் ஊர்ப் பணக்காரர் நல்லவர் என்றேன். அவர் சிரித்தார். “நல்ல மனிதர்தான். ஆனால் இங்கே குடியிருப்பவர் இல்லையே” என்றார்.

அந்தப் பதிலுக்குப் பின்னால் இருந்த கதையை அயர்லாந்தில் பலரும் அறிவார்கள். ஓப்ரையன் தொடங்கிய ஈசாட் நிறுவனம், அரசுத் தொலைபேசி நிறுவனத்தின் ஏகபோகத்துக்கு எதிராக நின்று வளர்ந்தது. கைப்பேசி உரிமம் பெற்றது. 2000-இல் அதை பிரிட்டிஷ் டெலிகாம் வாங்கியது. அவர் பங்குக்கு மட்டும் 250 மில்லியன் யூரோவுக்குக் குறையாமல் கிடைத்ததாக அந்நாட்டுப் பத்திரிகைகள் எழுதி வந்திருக்கின்றன. அப்போது அயர்லாந்தில் மூலதன ஆதாய வரி 20 விழுக்காடு. ஆனால் அவர் அதற்குள் போர்ச்சுகலில் குடியேறியிருந்தார். வரியைப் பொறுத்தவரை அவர் அயர்லாந்துவாசி அல்லர். எனவே அங்கே அந்த வரி இல்லை. பிறகு மால்டாவில் குடியிருப்புக் கணக்கு. இதில் சட்டமீறல் எதுவும் இல்லை. இதைத் திரும்பவும் சொல்லிவிடுகிறேன், சட்டமீறல் இல்லை.

அந்தச் சட்டம்தான் வேடிக்கையானது. ஓர் ஆண்டில் 183 நாள் அயர்லாந்தில் இருந்தால் அவர் அந்நாட்டு வரிக்கு உட்பட்டவர். (நமக்கு இங்கே 182.) ஆனால் ‘ஒரு நாள்’ என்பதை எப்படி எண்ணுவது? நள்ளிரவு 12 மணிக்கு நாட்டுக்குள் இருந்தால்தான் அது ஒரு நாள். காலையில் விமானத்தில் வந்து இறங்கி, கூட்டம் நடத்தி, சாப்பிட்டு, பன்னிரண்டு அடிப்பதற்குள் பறந்துவிட்டால் அந்த நாள் கணக்கிலேயே வராது. ‘சிண்டரெல்லா விதி’ என்று மக்கள் கேலி செய்தார்கள். ஓப்ரையன் இப்படி வந்து போனார் என்று நான் சொல்லவில்லை. விதி அப்படி இருந்தது. 2009 முதல்தான் பகலில் ஒரு நிமிடம் இருந்தாலும் அது நாள் என்று திருத்தினார்கள்.

பெரியவர் நாற்பது ஆண்டு பேருந்து ஓட்டியவர். அவருடைய வரியைச் சம்பளம் கைக்கு வருவதற்கு முன்பே பிடித்துவிடுவார்கள். அப்பாவுக்கும் அப்படித்தான். மாதச் சம்பளக்காரனுக்கு நள்ளிரவு விமானம் எதற்கு?

அந்த ஆண்டு அக்டோபரில் அயர்லாந்தின் வங்கிகள் ஆட்டம் கண்டன. அரசாங்கம் அவசரமாக வரவுசெலவுத் திட்டம் போட்டது. எழுபது வயதைத் தாண்டிய எல்லாருக்கும் இலவச மருத்துவ அட்டை என்று இருந்த சலுகையில் கைவைத்தது. பெரியவரும் மனைவியும் கோட்டு போட்டுக்கொண்டு நாடாளுமன்றத்துக்கு எதிரே ஊர்வலம் போனார்கள். ஆயிரக்கணக்கான தாத்தா பாட்டிகள் தெருவில் நின்றதை நான் கல்லூரிக்குப் போகும் வழியில் பார்த்தேன். அரசாங்கம் ஓரளவு பின்வாங்கியது.

நவம்பரில் வெட்டப்பட்ட இன்னொன்றுக்கு ஊர்வலம் அவ்வளவு பெரிதாக இல்லை. கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி தடுப்பூசியை 12 வயதுப் பெண் பிள்ளைகளுக்குப் போடப்போவதாக ஆகஸ்டில்தான் அறிவித்திருந்தார்கள். பணமில்லை என்று நிறுத்திவிட்டார்கள். மிச்சப்படுத்திய தொகை ஏறத்தாழ 10 மில்லியன் யூரோ. விரிவுரை முடிந்து வரும்போது எங்களில் யாரோ ஒருத்தி, திரப்பட்டோனியின் ஐந்து வருடச் சம்பளம் என்று கணக்குச் சொன்னாள்.

நானும் ஒரு கணக்குப் போட்டேன். 250 மில்லியனுக்கு 20 விழுக்காடு என்றால் 50 மில்லியன். ஆண்டுக்கு ஒரு மில்லியன் வீதம் பயிற்றுநருக்கு நன்கொடை கொடுத்தால் அந்தத் தொகை 50 ஆண்டுக்கு வரும். தடுப்பூசித் திட்டம் என்றால் ஐந்து தடவை நடத்தலாம். பெரிய கண்டுபிடிப்புச் செய்ததுபோல் அதைப் பெரியவரிடம் கொண்டுபோனேன்.

அவர் ஒப்புக்கொள்ளவில்லை. “அந்த ஐம்பது மில்லியன் அரசாங்கத்திடம் போயிருந்தால் தடுப்பூசிக்கா போயிருக்கும்? வங்கிக்காரனிடம் போயிருக்கும்” என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. அடுத்த சில ஆண்டுகளில் ஆங்கிலோ ஐரிஷ் என்ற ஒரே வங்கியைக் காப்பாற்ற அந்நாட்டு மக்கள் கட்டிய விலை ஏறத்தாழ 30 பில்லியன் யூரோ. எங்கள் கணக்காளர் அண்ணனும் அன்று இதே வாதத்தை வேறு பெயரில் சொன்னார்: “நீங்க கட்டுற காசு எங்க போவுதுன்னு தெரியுமா டாக்டர்? 1எம்டிபி மறந்துபோச்சா?” வரியைத் தவிர்ப்பவர்களுக்காகப் பேசுகிற வாதங்களில் இதுதான் எனக்குப் பலமானதாகப் படுகிறது. வேலை கொடுத்தார், தொழில் வளர்த்தார் என்பதெல்லாம் இதற்கு அடுத்துத்தான். வேலை பார்த்தவர்கள் எல்லாரும் தங்கள் வரியைக் கட்டிக்கொண்டுதானே இருந்தார்கள்.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஓப்ரையன் வெறும் புகழுக்காகக் கொடுத்தவர் என்று முடிவு கட்டிவிட முடியாது. 2003-இல் டப்ளினில் நடந்த சிறப்பு ஒலிம்பிக் போட்டிகளுக்குத் தலைமை தாங்கி உழைத்தார். 2010 நிலநடுக்கத்துக்குப் பிறகு ஹைத்தி தலைநகரில் இடிந்து கிடந்த பழைய இரும்புச் சந்தையைக் கட்டிக் கொடுத்தார். அவருடைய டிஜிசெல் நிறுவனத்தின் அறக்கட்டளை அங்கே பள்ளிக்கூடங்கள் கட்டியது. கையை மூடிக்கொண்ட கஞ்சரோடு அவரைச் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

காற்பந்துக்கு அவர் கொடுத்த பணமும் வீணாகவில்லை. 2016 ஐரோப்பியக் கிண்ணப் போட்டியில் இத்தாலிக்கு எதிராக, ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கையில் ராபி பிரேடி தலையால் முட்டிப் போட்ட கோல் மறக்கக்கூடியதா? இங்கே விடியற்காலை ஐந்து மணிக்குச் சற்று முன். அன்று இரவுப் பணியில் இருந்தேன். ஓய்வறையில் கைப்பேசியில் பார்த்துக் கத்தியதில் தாதி ஓடிவந்துவிட்டார். காலையில் அப்பாவைக் கூப்பிட்டு, அந்தப் பயிற்றுநருக்கும் அந்தப் பணக்காரர்தான் சம்பளம் கொடுக்கிறார் என்றேன். “யாரு காசா இருந்தா என்னம்மா, பந்து உள்ள போச்சா இல்லையா?” என்றார்.

ஆனால் அடுத்த ஏப்ரலில் வந்த செய்தி என்னை நிறுத்திவிட்டது. அயர்லாந்துப் பெண்கள் தேசியக் குழு டப்ளினில் தொழிற்சங்கக் கட்டடத்தில் பத்திரிகையாளர்களைக் கூட்டியது. நாட்டுக்காக ஆடப்போகும் தாங்கள் விமான நிலையக் கழிப்பறையில் நின்று குழுவின் விளையாட்டு உடையை மாற்றிக்கொள்கிறோம் என்றார்கள். திரும்பி வந்ததும் அதைக் கழற்றிக் கொடுக்க வேண்டும், ஏனென்றால் அதே உடையை வயது குறைந்தோர் குழுவும் போட வேண்டும். ஆட்டத்துக்காக விடுப்பு எடுத்தால் போகும் சம்பளத்துக்கு ஈடும் இல்லை. ஆண்கள் பயிற்றுநருக்கு மில்லியன் கணக்கில் சம்பளம் கொடுத்த அதே சங்கம். இரண்டு நாளில் சமரசம் ஆனது. அதே பெண்கள் அணி 2023-இல் முதன்முறையாக உலகக் கிண்ணம் ஆடியது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பெண்களுக்கு ஓப்ரையன் எதிரி அல்லர். அவரிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். நன்கொடையில் உள்ள சிக்கலே அதுதான் என்று எனக்கு இப்போது படுகிறது. கொடுப்பவருக்கு முன்னால் யார் வந்து நிற்கிறார்களோ, எது அவர் கண்ணுக்கு அழகாகத் தெரிகிறதோ, அங்கேதான் பணம் போகும். 12 வயதுப் பிள்ளைக்குப் போடும் ஊசிக்கு மேடை இல்லை. முப்பது ஆண்டு கழித்து அவளுக்கு வராமல் போன புற்றுநோயை யார் படம் பிடிப்பது? அதற்கான பணம் எல்லாரும் சேர்ந்து போட்டு, யார் பெயரும் எழுதாத பெட்டியிலிருந்துதான் வர வேண்டும். பெட்டியைத் திருடுபவர்கள் உண்டு. அவர்களை ஓட்டுப் போட்டு இறக்கலாம், நீதிமன்றத்துக்கு இழுக்கலாம். நாமும் 2018-இல் அதைச் செய்து பார்த்தோம். நன்கொடையாளர் தன் பணத்தைப் பெண்கள் குழுவுக்குக் கொடுக்கவில்லை என்று யார், எந்தத் தேர்தலில் கேட்பது?

அயர்லாந்துக் காற்பந்துச் சங்கத்தின் கதை பிறகு நல்லபடியாகப் போகவில்லை. புதிய அரங்கம் கட்ட வாங்கிய கடன், நிர்வாகக் குளறுபடிகள் எல்லாம் 2019-இல் வெளியே வந்தன. கடன் 50 மில்லியன் யூரோவைத் தாண்டியிருந்தது. 2020 ஜனவரியில் கைகொடுத்துத் தூக்கிவிட்டவர்களில் அரசாங்கமும் ஒன்று. அதாவது பேருந்து ஓட்டுநர்களும் தாதியரும் மாதாமாதம் கட்டிய பணம். சங்கத்தின் நிர்வாகத்துக்கு ஓப்ரையன் பொறுப்பில்லை. ஆனாலும் கடைசியில் கதவைத் தட்டப்பட்டவர்கள் யார் என்பது எனக்குக் கண்ணில் பட்டது.

என் கதைக்கு வருகிறேன். 2010-இல் நான் படிப்பைத் தொடரப் பினாங்குக்குத் திரும்பிய அதே ஆண்டில் நம் நாட்டில் 13 வயதுப் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே எச்பிவி தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். இலவசம். (அயர்லாந்திலும் அதே ஆண்டுதான் கடைசியில் தொடங்கியது.) இன்று என்னிடம் கருப்பை வாய்ப் புற்றுநோய் முற்றிய நிலையில் வரும் பெண்கள் பெரும்பாலும் அந்தத் தடுப்பூசிக்கு முந்தைய தலைமுறை. அவர்களிடம் முடிவைச் சொல்வதுதான் என் வேலையிலேயே கஷ்டமான பகுதி. அந்த ஊசிக்கு யார் பணம் கொடுத்தார்கள்? என்னை டப்ளினுக்கு அனுப்பிப் படிக்க வைத்தது யார்? அப்பாவின் சம்பளத்தில் பிடித்ததில் சில காசு அதில் இருந்திருக்கும். எனக்கு உபகாரச் சம்பளம் கொடுத்தபோது யாரும் மாலைக்காகக் காத்திருக்கவில்லை.

இதை எழுதும்போது எனக்கே கூச்சமாக இருக்கிறது. மில்லியன் கணக்கைப் பற்றிப் பேசுபவள், மைவி கார் விலையில் ஒரு வாரம் தடுமாறினேன். நிறுவனம் வைத்துத் தொழில் நடத்தும் மருத்துவர்கள் எல்லாரும் தவறு செய்கிறார்கள் என்று சொல்லமாட்டேன். சொந்தக் கிளினிக், ஐந்தாறு ஊழியர், இயந்திரங்கள் என்று இருப்பவர்களுக்கு அது தேவை. எனக்கு ஒரு மேசையும் நாற்காலியும்கூடச் சொந்தமில்லை. என் நிறுவனம் ஒரு பெயராக மட்டும்தான் இருக்கும், போர்ச்சுகலில் இருக்கும் ஒரு முகவரியைப்போல.

அப்பாவிடம் கேட்டேன். அவர் தர்மோபதேசம் செய்வார் என்று எதிர்பார்த்தேன். “கணக்காளர் சொன்னா செஞ்சுக்கம்மா, ரெண்டு புள்ளைங்க இருக்கு” என்றார். பிறகு, “ஜெர்சிக்குக் கொடுத்ததை மட்டும் நிறுத்திடாத” என்று சேர்த்துக்கொண்டார்.

ஜூன் கடைசி வாரத்தில் கணக்காளர் அண்ணனுக்கு, பழையபடி என் பெயரிலேயே பாரத்தை அனுப்பிவிடுங்கள் என்று செய்தி போட்டேன். அவர் கைகூப்பும் படம் ஒன்றை மட்டும் பதிலாக அனுப்பினார். அன்று மாலையே பயிற்சியாளரை அழைத்து, பெண் பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டேன்.

“ஒம்பது பேரு டாக்டர். இவ்வளவு நாள் பையன்களோட பழைய ஜெர்சியைத்தான் போட்டுக்கிட்டு இருந்தாங்க. அளவு எடுத்து அனுப்பட்டுமா?”

அனுப்புங்கள் என்றேன். பெயர் அச்சிட வேண்டாம் என்று சொல்ல நினைத்து அழைத்ததை, பேசி முடித்துக் கைப்பேசியை வைத்த பிறகுதான் ஞாபகப்படுத்திக்கொண்டேன்.